நுங்கி வரை ஒரு டிக்கெட்

மாஜேர்ஹாட் ரயில் நிலையத்தில் நுங்கிக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். வரிசையில் பின்னால் நின்ற பெண்மணி என்னை வெளியூர் என்று கண்டுகொண்டு, "பட்டாசு வாங்கவா?" என்று இந்தியில் விசாரித்தார். கொல்கத்தாக்காரர்களுக்கு நுங்கி நம் சிவகாசி மாதிரி. இல்லை, பாட்டாநகர் போகிறேன் என்றேன். "அப்படியென்றால் செருப்பு" என்று தலையசைத்தார். அதுவும் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி வந்துவிட்டது.

நான் தேடிப் போனது ஒரு சாக்ஸபோன் ஓசையை. அது புறப்பட்ட இடம் அந்தப் பக்கம்தான் என்று படித்திருந்தேன்.

இதற்குக் காரணம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். மேடையில் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் பளபளக்கும் சாக்ஸபோனோடு உட்கார்ந்து, மாலை வரவேற்பில் அரை மணி நேரம் கல்யாணி வாசித்தார். நன்றாகவே வாசித்தார். என் பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நாகஸ்வரத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது. கடைசி வரை அசையாமல் கேட்டுவிட்டு என் பக்கம் சாய்ந்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எப்ப நம்ம வாத்தியமாச்சு?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் இருந்த ஒரே பதில் 'டூயட்' படம். தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். 1994-இல் பாலசந்தர் எடுத்த படம்; பிரபு கையில் சாக்ஸபோன், ஏ.ஆர். ரஹ்மான் இசை, வாத்தியத்துக்குள் கத்ரி கோபால்நாத்தின் மூச்சு. பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் படம் வரும்போதே அந்த ஓசை நம் காதுக்குப் பழகியிருந்தது. அப்படிப் பழக்கியவர் யார் என்று தேடிக்கொண்டு போனால், பாதை அலிப்பூர் வழியாகப் போகிறது.

அலிப்பூர் என்றதும் கொல்கத்தாவில் முதலில் வானிலைதான் நினைவுக்கு வரும். நகரத்தில் எவ்வளவு குளிர் என்று அங்கிருக்கும் அலுவலகம்தான் தினமும் சொல்கிறது. அகலமான தெருக்கள், உயர்ந்த மதில்கள், மதிலுக்கு மேல் சாய்ந்த பெரிய மரங்கள். பெல்வெடியர் சாலையின் ஒரு பக்கம் 1876-இல் திறந்த விலங்குக்காட்சிசாலை. எதிர்ப்பக்கம் தேசிய நூலகம். 1780-இல் வாரன் ஹேஸ்டிங்ஸும் பிலிப் ஃபிரான்சிஸும் துப்பாக்கியோடு ஒண்டிக்கு ஒண்டி நின்றது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். நேருவும் சுபாஷ் போஸும் அடைபட்டிருந்த மத்திய சிறை 2022 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஜனவரி மாதத்துப் புகைமூட்டத்தில், காலை ஒன்பது மணிக்கும் தெருவிளக்கு எரிவது போன்ற ஒரு வெளிச்சத்தில், இவற்றையெல்லாம் முதல் நாளே நடந்து பார்த்துவிட்டேன். இரண்டாம் நாள் ரயில் ஏறினேன்.

பாட்டாநகர் ஆட்சிக் கணக்கில் அலிப்பூர் சதர் உட்கோட்டத்தைச் சேர்ந்தது. பஜ் பஜ் போகும் உள்ளூர் ரயில் பிரேஸ் பிரிட்ஜ், சந்தோஷ்பூர், ஆக்ரா என்று நின்று நின்று போகிறது. சந்தோஷ்பூரில் தையல்காரர்கள் தைத்த துணிமூட்டைகளோடு ஏறி இறங்குகிறார்கள். வலது பக்கம், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் ஹூக்ளி நதி. நதிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே மேட்டியாப்ருஸ். அவத் நாட்டை ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்ட பிறகு நவாப் வாஜித் அலி ஷா 1856-இல் வந்து சேர்ந்த இடம் அது. 1887-இல் இறக்கும் வரை லக்னோவின் தும்ரியையும் கதக்கையும் அங்கேதான் வைத்து வளர்த்தார். அரசு போனாலும் பாட்டு போகவில்லை. கல்கத்தாவுக்கு இந்துஸ்தானி இசைமேல் வந்த பித்துக்கு அந்த முடியிழந்த நவாபுக்கும் ஒரு பங்கு உண்டு. அங்கிருந்து சில மைல் தள்ளி, ஐம்பது ஆண்டுகள் கழித்து, செக்கோஸ்லோவாகியாவிலிருந்து ஒரு செருப்புக் கம்பெனி வந்து இறங்கியது.

1934-இல் பாட்டாநகருக்கு அடிக்கல் போட்டார்கள். ஸ்லீன் நகரத்தில் பாட்டா கம்பெனி தன் தொழிலாளிகளுக்குக் கட்டிய ஊரைப் போலவே இங்கும் ஆலை, அதைச் சுற்றி வரிசை வீடுகள், விளையாட்டு மைதானம், பள்ளிக்கூடம். அந்தக் கம்பெனிக்கு ஒரு பேண்டு வாத்தியக் குழுவும் இருந்தது. ஜோசப் நியூமன் என்ற ஹங்கேரியர் அதை நடத்தினார். அந்தக் குழுவில் சேர்ந்த சிறுவன்தான் மனோஹரி சிங்.

மனோஹரி 1931-இல் பிறந்தவர். நேபாளத்திலிருந்து பிழைக்க வந்து கல்கத்தாவில் தங்கிவிட்ட குடும்பம். பேண்டு வாத்தியம்தான் அவர்கள் தொழில். நம் ஊரில் நாகஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளை சீவாளியைக் கடித்துக்கொண்டே வளர்வது போல அவரும் ஊதும் கருவிகளின் நடுவில் வளர்ந்தார். முதலில் கைக்கு வந்தது குழல். கிளாரினெட், சாக்ஸபோன் எல்லாம் அதற்குப் பிறகு. சங்கீத சபையோ பல்கலைக்கழகமோ தராத ஒன்றை அந்த ஆலை பேண்டு அவருக்குத் தந்தது: தாளில் எழுதியிருக்கும் இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் பழக்கம். கூடவே, பத்துப் பேரோடு சேர்ந்து ஒரே மூச்சாக ஊதும் ஒழுங்கு. மாதச் சம்பளத்துக்கு வாசிப்பதைத் தாழ்வாக நினைப்பவர்கள் நம்மிடையே நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சம்பள வாசிப்பு ஒரு கடுமையான குருகுலம். அங்கே தினமும் வாசித்தாக வேண்டும், அடுத்தவன் வாசிப்பதைக் கேட்டாக வேண்டும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கொடுத்ததை வாசித்தாக வேண்டும்.

சாக்ஸபோனே அப்படிப் பிறந்த கருவிதான். பெல்ஜியத்தின் தினான் ஊரைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரீஸில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ராணுவ பேண்டில் எக்காளங்களின் முழக்கத்துக்கும் மரக்குழல்களின் மென்மைக்கும் நடுவில் ஒரு குரல் வேண்டியிருந்தது. அதற்காகச் செய்ததுதான் இது. உடம்பு பித்தளை, வாயில் நாணல். நம் சீவாளியும் நாணல்தான். நாகஸ்வரத்துக்கு இரட்டை, சாக்ஸபோனுக்கு ஒற்றை. பெரியப்பாவின் காது அந்த ஓசையை அந்நியமென்று ஒதுக்காமல் அரை மணி நேரம் கேட்டதற்கு இந்த நாணல் உறவும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜாஸ் வந்து அதைத் தத்தெடுத்துக்கொண்டது அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான்.

மேற்கத்திய பேண்டு வழியாக நமக்கு வந்த வாத்தியம் இது ஒன்றுதானா? சென்னைக்குப் பக்கத்து மணலியில் இருந்தபோது முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். தஞ்சாவூர் அரண்மனை பேண்டில் இருந்த கிளாரினெட்டை மகாதேவ நட்டுவனார் சதிருக்குக் கொண்டுவந்தார், பிறகு ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக்கிக் காட்டினார். கோட்டைக்குள் ஒலித்த கருவிகள் கோயிலுக்குள் வந்த கதை தமிழருக்குப் புதிதல்ல. சாக்ஸபோன் அந்த வரிசையில் கடைசியாக வந்தது, அவ்வளவுதான்.

நுங்கியில் இறங்கி, கடைத்தெருவைக் கடந்து, பாட்டாநகருக்குள் நடந்தேன். பழைய செங்கல் குடியிருப்புகளும் புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒரு தேநீர்க் கடையில் மண்குவளையை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மங்கி கேப் போட்ட ஒரு முதியவர். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எந்த ஊர் தாதா?" என்று என்னைக் கேட்டார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர் என்னை அண்ணன் என்கிறார். வங்காளத்தில் அது மரியாதை. சென்னை என்றேன். பேண்டு வாத்தியம் பற்றி விசாரித்தேன். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதெல்லாம் இல்லை. அப்பா சொல்லக் கேட்டிருக்கிறாராம்.

'ஆராதனா' பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். முகம் மலர்ந்தது. அந்த மழை இரவுப் பாட்டு, ராஜேஷ் கன்னாவும் ஷர்மிளா தாகூரும், ஒரே ஷாட்டில் எடுத்தார்களே அது, என்றேன். பெரியவர் பாட்டின் வரியைப் பாடவில்லை. வரிகளுக்கு நடுவில் வருமே, அந்த சாக்ஸபோன் துண்டு, அதை முனகினார், நெளிவு சுளிவு ஒன்று விடாமல். அதை ஊதியவர் உங்கள் பாட்டாநகர் பேண்டில் இருந்தவர் என்றேன். குவளையைக் கீழே வைத்துவிட்டார். "பெயர் என்ன?" என்றார். சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு கடைக்காரரிடம் பேனா வாங்கி, செய்தித்தாளின் ஓரத்தில் வங்காள எழுத்தில் எழுதி, கிழித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் படம் 1969-இல் வந்தது. நம்மில் பலர் இந்தி தெரியாமலே அந்தப் பாட்டுகளைப் பாடினோம். சென்னையில் அந்தப் படம் மாதக்கணக்கில் ஓடியது. இந்தி தெரியாதவருக்குச் சொல் புரியாது. அப்படியானால் காதில் இறங்கியது எது? மெட்டும், குரலும், நடுவே வந்த அந்த ஊதலும்தான். அரை நூற்றாண்டாக அந்த ஊதலை முனகிக்கொண்டிருக்கிறோம். ஊதியவர் பெயரை அந்த ஊர்க்காரரே ஒரு தேநீர்க் கடையில் வெளியூர் ஆள் சொல்லித் தெரிந்துகொள்கிறார். நான் மட்டும் என்ன, முப்பது வயது வரை எனக்கும் தெரியாது.

மனோஹரியின் பிற்காலம் வேகமாக நடந்தது. நியூமனைத் தொடர்ந்து எச்.எம்.வி. ஒலிப்பதிவுகளுக்குப் போனார். கல்கத்தா சிம்பொனி இசைக்குழுவில் குழல் ஊதினார். இரவில் சௌரங்கியில் ஃபிர்போஸில் நடனத்துக்கு வாசித்தார். இத்தாலிக்காரர் ஒருவர் நடத்திய, அந்தக் காலத்தில் ஊரே அண்ணாந்து பார்த்த உணவகம் அது. அவரைக் கண்டுகொண்டு பம்பாய்க்கு வரச் சொன்னவர் சலில் சௌத்ரி. நமக்கு அவர் 'செம்மீன்' சலில் சௌத்ரி, 'அழியாத கோலங்கள்' சலில் சௌத்ரி. மேற்கத்திய இசையில் ஊறியவர், நல்ல வாத்தியக்காரரைத் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளும் காது அவருக்கு. 1958-இல் மனோஹரி பம்பாய் போனார். எஸ்.டி. பர்மனின் 'சிதாரோன் ஸே ஆகே' படத்தில் வாசித்தார். அதற்குப் பிறகு 'காஷ்மீர் கீ கலி', 'ஆர்ஸூ', 'கைட்' என்று ஒவ்வொன்றிலும் அந்த ஆல்ட்டோ சாக்ஸபோன். ஆர்.டி. பர்மன் வந்தபோது அவருக்கு வலது கை போல ஆனார். பாசு சக்ரவர்த்தியும் மாருதி ராவும் இவரும்தான் அந்த இசைக்குழுவின் தூண்கள். பாசுவோடு சேர்ந்து 'பாசு–மனோஹரி' என்ற பெயரில் படங்களுக்கு இசையும் அமைத்தார். மெஹ்மூத் நடித்த 1976-ஆம் ஆண்டுப் படம் 'ஸப்ஸே படா ருபையா' அதில் ஒன்று.

அவர் ஊதலில் எனக்குப் பிடித்தது இதுதான்: அது பாடகரின் குரலை அடுத்து வரும்போது, வேறொரு ஆள் பேச ஆரம்பித்தது போல இராது. முகமது ரஃபி விட்ட மூச்சை அவர் எடுத்துக்கொண்டது போல இருக்கும். சுரத்திலிருந்து சுரத்துக்குக் குதிக்காமல் வழுக்கி வருவார். இந்தப் பக்கம் ஹங்கேரிய ஆசிரியர் தந்த தாள், அந்தப் பக்கம் கல்கத்தா தெருவில் வேண்டியோ வேண்டாமலோ காதில் விழுந்துகொண்டே இருந்த கீர்த்தனும் தும்ரியும். அவர் அதற்கு உலக இசை என்று பெயர் வைக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், சொன்ன நேரத்தில் ஊதிவிட்டு வீட்டுக்கு வந்தார். 2010 ஜூலை 13 அன்று மும்பையில் காலமானார்.

அன்று மாலை என்னைப் பார்க் ஸ்ட்ரீட்டுக்கு அழைத்துப் போனவர் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் ஒரு தூரத்து உறவு மாமா. வங்கி வேலைக்காக 1968-இல் கல்கத்தா வந்தவர், திரும்பவே இல்லை. ட்ரிங்காஸ் உணவகத்தின் வாசலில் நின்று, "உஷா ஐயரை நான் இங்கதான்டா மொதல்ல பாத்தேன். பட்டுப்புடவை, தலை நிறைய பூ, பெரிய பொட்டு. மைக்கைப் பிடிச்சு இங்கிலீஷ் பாட்டு பாடினா, ஹால் அப்படியே எழுந்து நின்னுடும்" என்றார். பின்னாளில் உஷா உதூப் என்று நாடறிந்த அந்தத் தமிழ்ப் பெண் சென்னை மவுண்ட் ரோட்டில் பாட ஆரம்பித்து, 1969-இல் ட்ரிங்காஸுக்கு வந்தவர். மாமாவுக்கு இன்றும் அவர் உஷா ஐயர்தான்.

அந்தத் தெருவின் இரவுகள்தான் கல்கத்தாவின் ஜாஸ். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கறுப்பினப் பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் சௌரங்கியில் கிராண்ட் ஹோட்டலில் குழு நடத்தினார். 1945-இல் காலராவில் இறந்தார், இந்த ஊரிலேயே. அவர் குழுவில் எக்காளம் ஊதியவர் ஒரு நேபாளி, புஷ்கர் பகதூர். ஜார்ஜ் பேங்க்ஸ் என்று மேடைக்காகப் பெயர் மாற்றிக்கொண்டவர். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் மேல் உள்ள பிரியத்தால் தன் மகனுக்கு லூயிஸ் என்று பெயர் வைத்தார். அந்த லூயிஸ் பேங்க்ஸ்தான் எழுபதுகளில் ப்ளூ ஃபாக்ஸ் உணவகத்தில் பியானோ வாசித்தார். பாம் கிரெய்ன் பாடினார், கார்ல்டன் கிட்டோ கிதார் வாசித்தார், கோவாவிலிருந்து வந்த பிராஸ் கோன்சால்வஸ் சாக்ஸபோன் ஊதினார். பிராஸ் ராகங்களை எடுத்து ஜாஸ் வடிவத்தில் அமைத்துப் பார்த்த முன்னோடி. 'ராகா ராக்' என்று 1970-இல் ஓர் இசைத்தட்டே போட்டார். பேங்க்ஸை ப்ளூ ஃபாக்ஸில் கேட்டுவிட்டுப் பம்பாய்க்கு அழைத்துப் போனவரும் ஆர்.டி. பர்மன்தான். மனோஹரி, பேங்க்ஸ் என்று எண்ணிப் பாருங்கள். இந்தி சினிமா இசையின் மேற்கத்திய ஓசையில் பாதி கல்கத்தாவில் வாசித்த நேபாளிகளிடமிருந்து போயிருக்கிறது.

எழுபதுகளின் அரசியல் கொந்தளிப்பு, மின்வெட்டு, உணவகப் பாட்டின் மேல் விழுந்த கேளிக்கை வரி எல்லாமாகச் சேர்ந்து அந்த இரவுகளை அணைத்தன. ப்ளூ ஃபாக்ஸ் இன்று இல்லை. ஃபிர்போஸ் இருந்த இடத்தில் துணிக்கடைகள். ட்ரிங்காஸில் மட்டும் இன்னும் மேடை இருக்கிறது. நாங்கள் போன அன்று ஓர் இளைஞர் குழு வாசித்தது.

பெரியப்பாவின் கேள்விக்கு இதுவரை பாதிப் பதில்தான் கிடைத்திருக்கிறது. இப்படிக் காதுக்குப் பழகிய ஓசை கச்சேரி மேடைக்கு ஏறியது வேறு வழியாக. தென் கன்னட மாவட்டத்தில் சஜீபமூடா கிராமம். தந்தை தனியப்பா நாகஸ்வர வித்வான். 1949-இல் பிறந்த மகன் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு, அதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். பாருங்கள், இங்கேயும் பேண்டுதான். கத்ரி கோபால்நாத்துக்கு அந்தக் கருவியைக் கர்நாடக இசையின் வழிக்குக் கொண்டுவர ஏறக்குறைய இருபது ஆண்டு பிடித்தது. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் கற்றார்.

அதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். நாகஸ்வரத்தில் விரல் நேராகத் துளையைத் தொடுகிறது. கொஞ்சம் விலக்கினால் சுரம் அசையும், கமகம் தானாக வரும். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே இருபதுக்கு மேற்பட்ட விசைகளும் மூடிகளும் நிற்கின்றன. மூடி திறக்கும் அல்லது மூடும்; நடுவில் நிற்கப் பிரியப்படாது. ஆகவே கமகம் முழுவதையும் உதடும் தாடையும் மூச்சும் செய்ய வேண்டும். தோடியின் காந்தாரத்தை அப்படி அசைத்துக் காட்ட இருபது வருஷம் ஆனதில் ஆச்சரியமில்லை. நாகஸ்வரக்காரர் மகன் என்பதால் எந்த அசைவு வேண்டும் என்று அவர் காதுக்குத் தெரிந்திருந்தது. கருவிதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

1980-இல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டி அவரைக் கேட்டார். இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். ஹேண்டி யாரோ வழிப்போக்கர் அல்ல. சார்லஸ் மிங்கஸின் குழுவில் ஊதிய ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞர். அவருக்கும் கல்கத்தாவுக்கும் ஓர் உறவு உண்டு. அலி அக்பர் கான் 1956-இல் கல்கத்தாவில் தன் இசைக் கல்லூரியைத் தொடங்கி, பிறகு கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். அங்கே அவரோடு பழகி, ராகத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, 1975-இல் ஹேண்டி அவரோடும் ஜாகிர் ஹுசைனோடும் 'கருணா சுப்ரீம்' என்ற தட்டைப் பதிவு செய்தார். அதைக் கேட்டால் ஒன்று புரியும். சரோதுக்கு எங்கே இடம் விட வேண்டும் என்று அந்த சாக்ஸபோனுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொருவரையும் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டும். பாஸ்டனில் பிறந்த சார்லி மரியானோ, அதே மிங்கஸ் குழுவில் இருந்தவர். 1960களின் பிற்பகுதியில் வேலை நிமித்தம் கோலாலம்பூரில் இருந்தபோது மலேசியத் தமிழர்களின் நாகஸ்வரத்தைக் கேட்டார். நாற்பது வயதைத் தாண்டியவர், உலகம் அறிந்த கலைஞர், மாணவனாக உட்கார்ந்து நாகஸ்வரம் கற்றுக்கொண்டார். பிறகு ஐரோப்பாவின் ஜாஸ் மேடைகளில் அதை ஊதினார். பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்குஷனில் ஆர்.ஏ. ரமாமணி, டி.ஏ.எஸ். மணியோடு சேர்ந்து 1983-இல் 'ஜோதி' என்ற தட்டைத் தந்தார்.

உலக இசை என்ற பெயரில் இன்று வருவதில் பாதியை என்னால் கேட்க முடிவதில்லை. ஒரு தபலா, ஒரு சாக்ஸபோன், நடுவில் ஓர் ஆலாபனை. யாரும் யாரிடமும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். கோபால்நாத்தும் ஹேண்டியும் மரியானோவும் அப்படி இல்லை. யாரோ ஒருவர் முன்னால் உட்கார்ந்து, தெரியாது என்று ஒப்புக்கொண்டு, வருஷக்கணக்கில் ஊதிப் பார்த்தவர்கள். பாட்டாநகர் பேண்டில் நின்ற மனோஹரியும் அதே ஜாதிதான். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி.யின் இசைவிழா மேடையில் கோபால்நாத் ஏறியபோது கூடவே ஏறியது மைசூர் அரண்மனை பேண்டும்தான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். 2004-இல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் அவர் மறைந்தபோது செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் எழுதின. அவருக்கு அந்த நியாயமாவது கிடைத்தது.

கிளம்புவதற்கு முன் கடைசிக் காலையில் தேசிய நூலகத்துக்குப் போனேன். அந்த வளாகத்துக்குள் போகும்போது எனக்கு ஒரு சொந்தக்கார உணர்வு வரும். வையாபுரிப் பிள்ளை வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் அங்கேதான் தனித் தொகுப்பாக இருக்கின்றன. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நூலகத்தின் முதல் தலைவராக இருந்தவர் பி.எஸ். கேசவன். 1953-இல் பெல்வெடியர் மாளிகையில் அது வாசகர்களுக்குத் திறந்தபோது அவர்தான் பொறுப்பில் இருந்தார்.

1954-இல் ஒரு சட்டம் வந்தது. இந்தியாவில் எந்த மொழியில் எந்தப் புத்தகம் அச்சானாலும், வெளியிடுபவர் தம் செலவில் ஒரு பிரதியை அலிப்பூருக்கு அனுப்ப வேண்டும். சென்னைக் கன்னிமாராவுக்கும் ஒன்று. எவ்வளவு பெரிய காரியம் அது! யாரும் வாங்காத கவிதைத் தொகுப்புக்கும் அங்கே ஓர் அலமாரியில் இடம் உண்டு, அதை எழுதியவர் பெயர் பட்டியலில் உண்டு. இசைத்தட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. தட்டை யாரும் அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பியிருந்தாலும் ஊதியவர் பெயர் உறையில் இருந்திருக்காது. சினிமாத் தட்டுகளில் பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் பெயர் இருக்கும். குழலும் வயலினும் சாக்ஸபோனும் வாசித்த நாற்பது ஐம்பது பேருக்குப் பெயரே கிடையாது. மனோஹரி சிங் பெயர் நமக்குத் தெரிவது அவர் அத்தனை பெரிய கலைஞர் என்பதாலும், பழைய பாட்டின் மேல் பைத்தியமாக இருந்த ரசிகர்கள் அவரிடம் நேரில் போய்க் கேட்டு எழுதி வைத்ததாலும்தான். பாட்டாநகர் பேண்டில் அவருக்கு இடமும் வலமும் நின்றவர்கள் யார்?

இதே கேள்வி நம் ஊருக்கும் உண்டு. கோடம்பாக்கத்தில் ஐம்பது ஆண்டுகள் ஊதியவர்கள், வாசித்தவர்கள் பலர் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். கல்யாண ஊர்வலத்தில், சர்க்கஸில், தேவாலயத் திருவிழாவில், போலீஸ் அணிவகுப்பில் பேண்டு செட்டில் நின்றவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். எந்தப் படத்தில் எந்தப் பாட்டுக்கு வாசித்தார், யாரிடம் கற்றார், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேளுங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள், தாளிலும் எழுதி வையுங்கள். முடிந்தால் சின்னப் புத்தகமாக அச்சிடுங்கள். அச்சிட்டால் ஒரு பிரதி சட்டப்படி அலிப்பூருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.